கோட்டு மாமா

ஆரம்பத்தில் ஆர்.கே. லக்ஷ்மண் ஒரு கூட்டத்தையே வரைந்துகொண்டிருந்தார். கார்ட்டூன் என்றால் அதில் நாடு தெரிய வேண்டும். நாடு என்றால் வங்காளி, பஞ்சாபி, தமிழர், மராட்டியர், குல்லா போட்டவர், தலைப்பாகை கட்டியவர் எல்லோரும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வந்து நிற்க வேண்டும். தினசரிப் பத்திரிகையில் இத்தனை பேரை வரைய நேரம் ஏது? அச்சுக்குப் போகும் நேரம் கழுத்தை நெரிக்க நெரிக்க ஒவ்வொருவராகக் கழற்றி விட்டார். கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். வழுக்கைத் தலை, பின்மண்டையில் பறக்கும் கொஞ்சம் முடி, வட்டக் கண்ணாடி, மேலுதட்டை மறைக்கிற மீசை, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி. அவரைத் தான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, அவராகவே வந்து சேர்ந்தார் என்கிற மாதிரிதான் லக்ஷ்மண் பிற்காலத்தில் பேசினார்.

1951-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் 'யூ செட் இட்' என்ற தலைப்பில் அந்தப் பாக்கெட் கார்ட்டூன் தொடங்கியது. முதல் பக்கத்தில் ஒரு பத்தி அகலத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். உலகத்துக்கு அவர் 'காமன் மேன்'. மாதுங்காவில் எங்கள் வீட்டில் அவருக்குக் 'கோட்டு மாமா' என்று பெயர். பெயர் வைத்தது அம்மா.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவள். விகடனும் கல்கியும் படிப்பாள். கோபுலுவின் கோடுகளில் பழகிய கண் அவளுக்கு. அதனால் ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பிரிப்பார். தலைப்புச் செய்தியைப் பார்ப்பதற்கு முன்னால் கண் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"ஏன்னா, கோட்டு மாமா இன்னிக்கு எங்க நிக்கறார்?"

"ஏர்போர்ட்ல. மந்திரி வெளிநாடு கெளம்பறான்."

"அவர யாரு வழியனுப்பக் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. அவர் பாட்டுக்கு வந்து நிக்கறார்."

பிறகு அப்பா படத்தின் அடியில் இருக்கும் வாசகத்தைத் தமிழில் சொல்லுவார். மந்திரி பேசுவதாக இருந்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மந்திரி மாதிரியே சொல்லுவார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேப்பரை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பாள். அப்பா வாசகத்தைப் படித்துவிட்டுப் படத்தை விட்டுவிடுவார். அம்மா படத்தைப் படிப்பாள். "சொவத்துல காரை உதிர்ந்திருக்கு பாருங்கோ. கொடைல ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கு. அந்த ஆபீசர் மேஜைக்கடியில கோப்பெல்லாம் குவிஞ்சு கெடக்கு. ஜன்னல்ல ஒரு காக்கா." அந்தக் காக்காயை முதலில் கண்டுபிடிப்பவருக்கு அன்று மதிப்பு. லக்ஷ்மணுக்குக் காக்கைகள் மேல் அப்படியொரு பிரியம். கார்ட்டூன் இல்லாத வேளைகளில் காக்கைகளையே விதவிதமாக வரைந்தவர், கண்காட்சியும் வைத்தவர். எங்களுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. மாதுங்காவில் ஜன்னலுக்கு ஜன்னல் காக்கை இருந்தது, படத்திலும் இருந்தது.

கோட்டு மாமா பேச மாட்டார். எத்தனையோ ஆயிரம் படங்கள், ஒன்றிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. மந்திரி பேசுவார், அதிகாரி பேசுவார், வங்கி மேனேஜர் பேசுவார், சாக்கடையை மூட வந்த கார்ப்பரேஷன் ஆள் பேசுவான். கோட்டு மாமாவின் மனைவி நன்றாகவே பேசுவாள். விலைவாசி, ரேஷன், தண்ணீர் வராதது எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சொல் உண்டு. "அவளாவது வாயத் தொறக்கறாளே" என்று அம்மாவுக்குத் திருப்தி. மாமா மட்டும் புருவத்தைத் தூக்கியபடி நிற்பார். கோபமா, ஆச்சரியமா, அலுப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு முகம். அவர் பேசாததால் எங்கள் வீட்டில் எல்லோரும் பேசினோம். அவர் என்ன நினைத்திருப்பார் என்று அப்பா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வாள், அக்கா இரண்டையும் மறுப்பாள். அரசியல் என்பது பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிற விஷயமாக இருந்த காலத்தில், எங்கள் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது. அதற்கு அவர்தான் காரணம்.

1966-ல் எனக்குப் பதினொரு வயது. அந்த ஜூன் மாதம் சிவசேனை தொடங்கியது. தென்னிந்தியர்கள் வந்து வேலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்பது அப்போது அவர்களுடைய முதல் முழக்கம். பால் தாக்கரே நடத்திய 'மார்மிக்' வார இதழில் கம்பெனி கம்பெனியாக நம்மவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியாகும். உடுப்பி ஹோட்டல்கள் மேல் கல் விழுந்தது. 'லுங்கி'யை விரட்டுவோம் என்று கோஷம். லுங்கிக்கும் வேட்டிக்கும் அவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை. அப்பா வெளியே வேட்டி கட்டிப் போவதை நிறுத்தினார். ஆஸ்திக சமாஜம் கோவிலுக்குக்கூடப் பேண்ட் போட்டுக்கொண்டு போய், அங்கே பையிலிருந்து வேட்டியை எடுத்துக் கட்டிக்கொள்வார். திரும்பும்போது மறுபடி பேண்ட். தெருவில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று எங்களுக்குச் சொல்லி வைத்தார்கள்.

அதே மாதங்களில் தினமும் காலையில், நகரத்தின் பெரிய பத்திரிகையின் முதல் பக்கத்தில், ஒருவர் வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். சட்டசபைக்கு வெளியே நின்றார், போலீஸ் ஸ்டேஷனில் நின்றார், கூட்ட மேடைக்கு எதிரில் நின்றார். யாரும் அவரைப் போ என்று சொல்லவில்லை. அப்பா அந்தப் பெட்டியைப் பார்க்கும் நேரம் கொஞ்சம் கூடியதை நான் கவனித்திருக்கிறேன். அந்த வயதில் அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

தாக்கரேயும் கார்ட்டூனிஸ்ட்தான். நாற்பதுகளில் பம்பாய் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' பத்திரிகையில் அவரும் லக்ஷ்மணும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்கு இது ஆறவே இல்லை. "ஒரே ஆபீஸ். ஒரே இங்க், ஒரே பிரஷ். ஒருத்தர் எல்லாரும் நம்மவான்னு சொல்ற மாதிரி ஒரு மனுஷன வரைஞ்சார். இன்னொருத்தர் யார் யார் நம்மவா இல்லேன்னு லிஸ்ட் போட்டார்" என்பார். இதைவிடச் சரியாக அந்தக் காலத்துப் பம்பாயைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மராட்டியக் குடும்பம். அந்தக் காகா சேனைக்காரர். கூட்டங்களுக்கெல்லாம் போவார். ஆனால் இங்கிலீஷ் பேப்பருக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார், அது என் நினைவு தெரிந்த நாளிலிருந்து நடக்கிற பழக்கம். 66-க்குப் பிறகும் வந்தார். முதல் சில வாரங்கள் அம்மா அவருக்குக் காப்பி கொடுக்கும்போது கை கொஞ்சம் விறைப்பாக இருந்தது. அவரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேச்சை மறுபடி தொடங்கி வைத்தது கோட்டு மாமாதான்.

காமன் மேன் எந்த ஊர்க்காரர் என்று எப்படியோ ஒரு நாள் பேச்சு வந்தது. காகாவுக்குச் சந்தேகமே இல்லை. புனே, சதாசிவ பேட், ஓய்வுபெற்ற வாத்தியார். அந்தக் கோட்டும் வேட்டியும் வேறு எங்கே சேர்ந்து வரும் என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, வரைகிறவர் யார் என்று கேட்டார். மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பம், ஆர்.கே. நாராயணனின் தம்பி, அவர் கண் முன்னால் பார்த்த மனிதர்களைத்தானே வரைவார் என்று வாதம். மேல் மாடி குஜராத்திப் பென் சர்க்கரை கடன் வாங்க வந்தவள், இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, அது பாவ்நகரில் இருக்கும் தன் மாமனார், கண்ணாடிகூட அதேதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த விவாதம் வருஷக்கணக்கில் நடந்தது. யாரும் ஜெயிக்கவில்லை. காகா சேனையை விடவுமில்லை. ஆனால் ஒரு மழைக்கால ராத்திரி, தெருவில் கூச்சல் கேட்டபோது, கட்டடத்தின் வாசலில் கதவைச் சாத்திவிட்டு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டவர் அவர்தான். அதைக் கார்ட்டூனின் கணக்கில் நான் எழுதவில்லை, அது அந்த மனிதரின் குணம். ஆனால் தினமும் வந்து உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்துச் சேர்ந்து சிரித்த வீட்டில், சிரித்த ஆட்களைப் பட்டியலாகப் பார்ப்பது கஷ்டம்.

அப்பாவுக்கு ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. வி.டி. ஸ்டேஷனில் இறங்கி நடப்பார். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே டைம்ஸ் கட்டடம். அதே சாலையில் கொஞ்சம் தள்ளி ஜே.ஜே. கலைப் பள்ளி. விடுமுறை நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு போனால் இரண்டையும் காட்டாமல் வர மாட்டார். மைசூரில் தரையிலும் சுவரிலும் கரியால் கிறுக்கித் திரிந்த பிள்ளை, பள்ளிப் படிப்பை முடித்ததும் ஜே.ஜே.யில் சேர மனுப் போட்டது; சேர்க்கும் அளவுக்குத் திறமை இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளை மைசூரிலேயே பி.ஏ. படித்தது, அண்ணனின் கதைகளுக்கு 'ஹிந்து'வில் படம் போட்டது, 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழில் வரைந்தது, சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் சில காலம் வேலை பார்த்தது, பிறகு பம்பாய்க்கு வந்து, தன்னைச் சேர்க்காத பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நாட்டுக்கே வரைந்தது. பின்னாளில் அதே பள்ளிக்கூடம் அவரை விழாவுக்குத் தலைமை தாங்க அழைத்தது. இந்தக் கதையை அப்பா எங்கள் உறவில் எந்தப் பிள்ளைக்கு எந்த இடம் கிடைக்காமல் போனாலும் சொல்லுவார். அக்காவுக்கு ஒரு வேலை தட்டிப்போன அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வி.டி. வரைக்கும் போய், இரண்டு கட்டடங்களையும் காட்டிவிட்டுத் திரும்பினார். வழியில் ஒன்றும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள்.

டைம்ஸ் கட்டடத்துக்குள் அப்பா போனதே இல்லை. லக்ஷ்மணைப் பார்க்கவோ கடிதம் எழுதவோ அவருக்குத் தோன்றவில்லை. கோட்டு மாமாவைத் தெரியும், அது போதும் அவருக்கு.

ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சந்திரனுக்கு ஆள் அனுப்புவது பற்றிய கார்ட்டூன். விஞ்ஞானிகள் கூடி நிற்கிறார்கள். அந்த இடத்தில் பிழைத்திருக்கத் தகுதியான ஆள் கிடைத்துவிட்டதாக ஒருவர் அறிவிக்கிறார். சாப்பாடு, தண்ணீர், காற்று, வெளிச்சம், குடியிருக்க இடம் எதுவும் இல்லாமல் உயிர் வாழக்கூடியவர் இவர் என்று கையைக் காட்டுகிறார். கை காட்டுகிற இடத்தில் கோட்டு மாமா. அப்பா வாசகத்தைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். அம்மா பேப்பரை வாங்கிப் பார்த்தாள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வராத மூன்றாவது நாள். "இவர் எதுக்கு அங்க போகணும்? இங்கயே குழாய்ல தண்ணி விடச் சொல்லுங்கோ" என்றாள். லக்ஷ்மணின் கார்ட்டூன் எப்படி வேலை செய்கிறது என்று பிற்பாடு நிறையக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். முதலில் சிரிப்பு வரும், சிரித்து முடித்த இடத்தில் சொந்த வீட்டுக் குழாய் நிற்கும். அம்மா நேரே குழாய்க்குப் போய்விட்டாள்.

அவருடைய அரசியல்வாதிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இந்திராவின் மூக்கு, மொரார்ஜியின் குல்லா, வருஷத்துக்கு வருஷம் முடி குறைந்துகொண்டே வந்த ராஜீவ். சீனப் போர்க் காலத்தில் தன்னைக் கேலி செய்து போட்ட ஒரு கார்ட்டூனைப் பார்த்துவிட்டு நேருவே தொலைபேசியில் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று கேட்டதாக லக்ஷ்மண் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த முகங்களைவிட அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற முகம்தான் முக்கியம். மந்திரிகள் மாறினார்கள், கட்சிகள் உடைந்தன, கோட்டின் கட்டம்கூட மாறவில்லை.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. நான் அப்போது கல்லூரியில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. லக்ஷ்மணும் தவித்தார்; டெல்லிக்குப் போய் இந்திரா காந்தியையே பார்த்து முறையிட்டார். முதல் பக்கத்துப் பெட்டி வந்துகொண்டிருந்தது, ஆனால் அதன் கை கட்டப்பட்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. காகா வந்தாலும் மழையைப் பற்றித்தான் பேசினார், அவருடைய கட்சி அப்போது நெருக்கடி நிலையை ஆதரித்தது. அந்த மாதங்களில்தான் கோட்டு மாமாவின் மௌனம் எனக்கு வேறு மாதிரிப் பட்டது. அதுவரை அது ஒரு நகைச்சுவை உத்தி என்று நினைத்திருந்தேன். நாடே வாயை மூடிக்கொண்டபோது, எப்போதும் வாயை மூடியிருந்த ஒருவர் மட்டும் துளியும் மாறாமல் அதே இடத்தில் நின்று அதே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பேசுகிறவனைத் தணிக்கை செய்யலாம். பார்த்துக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது? அவர் பார்க்கிறார் என்பதே ஒரு செய்தியாக இருந்தது.

அப்பா போன பிறகு அம்மா இதைச் செய்து காட்டினாள். குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாக நடக்க வேண்டியிருந்தது. அங்கே கவுண்டரில் இருந்த ஆள் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்பான். அம்மாவுக்கு மராட்டி அரைகுறை, இந்தி அதைவிடக் குறைவு. சண்டை போட அவளுக்கு மொழி இல்லை. ஒரு நாள் போனாள், கவுண்டருக்கு எதிரில் சுவரோரமாக நின்றாள். அவன் என்ன வேண்டும் என்றான். ஒன்றும் வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு நின்றாள். அவன் டீ குடிப்பதை, பக்கத்து மேஜைக்காரனோடு பேசுவதை, கோப்பைத் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கூடப் போயிருந்தேன். முறைக்கவில்லை, கெஞ்சவில்லை, புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தாள் கிடைத்துவிட்டது. ரயிலில் வரும்போது, "எங்கேருந்து இதெல்லாம் கத்துண்டே?" என்று கேட்டேன். "தினம் பேப்பர்ல பாத்துண்டுதானே இருந்தேன்" என்றாள்.

நான் வங்கியில் சேர்ந்த கிளையில் எனக்குக் கிடைத்த நல்ல நண்பன் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அவன் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ரயில் தண்டவாளம்தான். அதைத் தாண்டித் தமிழர்கள் தமிழர்கள் வீட்டுக்குப் போனது குறைவு. வங்கி கேண்டீனில் நான் காமன் மேன் புராணம் பாடியபோது அவன் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

"இவரு எங்க ஆளு இல்ல அண்ணாச்சி."

"ஏன்?"

"கோட்டு போட்டிருக்காரே. பேப்பர் வாங்குத வீட்டு மனுசன். எங்க தெருவுல இந்தப் பேப்பரு பொட்டலம் மடிக்கத்தான் வரும். எங்க ஐயா இவர மாதிரி ஆபீஸ்ல போயி நின்னுக்கிட்டிருந்தா போலீசக் கூப்பிட்டு வெளிய தள்ளியிருப்பான்."

இது 1982-ல், தத்தா சாமந்த் தலைமையில் மில் தொழிலாளர்கள் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த வருஷத்தில் நடந்த பேச்சு. மில் பகுதியான கிரண்காவில் அடுப்பு எரியாத வீடுகள் வரிசையாக இருந்தன. அந்த நேரத்தில் 'சாமானிய மனிதர்' என்று கோட்டுப் போட்ட ஒருவரை நாட்டின் முதல் பக்கத்தில் நிறுத்துவது சரியா என்ற கேள்வி நியாயமானது. விமர்சகர்களும் பிறகு இதையே எழுதினார்கள்: அவர் நடுத்தர வர்க்கத்து ஆண், நகரத்துப் படித்த மனிதர், எல்லோருக்கும் பிரதிநிதி ஆக மாட்டார் என்று. நண்பன் அதை ஒரு வரியில் சொல்லி முடித்திருந்தான். நான் பதில் சொல்லவில்லை. பல வருஷம் அதை யோசித்திருக்கிறேன்.

அவன் சொன்னது சரி. அவர் தாராவிக்காரர் இல்லை. ஆனால் லக்ஷ்மண் அவரைக் கோட்டோடு வீட்டிலேயே உட்கார வைக்கவில்லை. வறட்சி வந்த வயலுக்கு, வெள்ளத்துக்கு, குடிசை இடிக்கிற இடத்துக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கெல்லாம் அவர் பாதிக்கப்பட்டவர் இல்லை, பார்க்கிறவர். பேப்பர் வாங்குகிற வீட்டு மனிதன் எங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஏற்பாடு அது. கோட்டு மாமா ஏழைகளின் பிரதிநிதி என்று சொன்னால்தான் தப்பு. அவர் எங்களுடைய பிரதிநிதி, எங்களைப் போன்றவர்கள் போகாத இடங்களுக்கு எங்களுக்குப் பதிலாகப் போனவர். நான் முதல்முறை நண்பனின் வீட்டுக்குப் போனது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். அவன் அம்மா மீன் இல்லாத நாளாகப் பார்த்து என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருவின் அகலம், வாசலில் ஓடிய சாக்கடை, மாடியில் தொங்கிய தோல், எல்லாவற்றையும் நின்று பார்த்தேன்.

பிறகு கோட்டு மாமாவுக்கும் லக்ஷ்மணுக்கும் மரியாதைகள் வந்தன. 1984-ல் லக்ஷ்மணுக்கு மகசேசே விருது. 1988-ல் டைம்ஸின் 150-வது ஆண்டுக்காக வெளியிட்ட தபால்தலையில் கோட்டு மாமா. அதே ஆண்டு தூர்தர்ஷனில் 'வாக்ளே கி துனியா'. லக்ஷ்மணின் எழுத்தையும் கற்பனையையும் வைத்து குந்தன் ஷா எடுத்த தொடர். கோட்டு மாமா பேசாமல் விட்டதையெல்லாம் வாக்ளே பேசுகிறான் என்று அம்மா கண்டுபிடித்தாள், எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. அதற்கு முன்பே 'மால்குடி டேஸ்' தொடரின் தொடக்கத்தில் லக்ஷ்மணின் கோடுகள் ஓடின. 1954-லிருந்தே ஏஷியன் பெயின்ட்ஸ் டப்பாவில் கையில் பிரஷோடு நெற்றியில் மயிர் விழ நின்ற 'கட்டு' பையனும் அவர் பிள்ளைதான். 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் தொடங்கியபோது காமன் மேனைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அந்த விளம்பர உபயோகம் ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை காலம் மந்திரிகளை வழியனுப்பி ஏர்போர்ட்டில் நின்றவர், டிக்கெட் வாங்கி ஏறட்டுமே.

புனேயில் சிம்பயாசிஸ் வளாகத்தில் 2001-ல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பம்பாயில் வொர்லி கடற்கரைச் சாலையிலும் ஒன்று இருக்கிறது. புனே சிலையைப் பார்க்க நண்பனும் நானும் ஓய்வுபெற்ற பிறகு போனோம். சிலை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு குறை. அதில் அவர் தனியாக நிற்கிறார். எதிரில் மந்திரியும் இல்லை, சாலையில் பள்ளமும் இல்லை, கோப்பு மூட்டையும் இல்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் காமன் மேனை நிறுத்தக் கூடாது. மந்திராலயத்தின் வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும், வார்டு ஆபீஸ் வராந்தாவில் நிறுத்தியிருக்க வேண்டும். நண்பன் சிலையைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம் கோட்டின் மடிப்பைத் தடவிப் பார்த்தான். "கோட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. செருப்பப் பாத்தேளா, தேஞ்ச மாதிரியே இருக்கு" என்றான். அவன் தோல் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை, அவன் கண் அங்கேதான் போகும். அவன் வாயிலிருந்து வந்த ஒப்புதல் அவ்வளவுதான், நான் மேலே கேட்கவில்லை.

அப்பா ஒரு கார்ட்டூனைக்கூட வெட்டி வைக்கவில்லை. மாதக் கடைசியில் பேப்பர்கள் ரத்திக்காரனிடம் கிலோ கணக்கில் போய்விடும். பிறகு ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைக் கடைகளில் பழைய 'யூ செட் இட்' தொகுப்புகளைத் தேடித் தேடி வாங்கினேன். ஒன்றைத் திறந்தால் வருஷம் போடாவிட்டாலும் எந்த வருஷம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. வெங்காய விலை, குண்டும் குழியுமான சாலை, தேர்தல் வாக்குறுதி, விசாரணைக் கமிஷன்: அறுபத்தெட்டா தொண்ணூற்றெட்டா என்று தெரியவில்லை. அது லக்ஷ்மணின் பெருமை. நாட்டுக்குப் பெருமை இல்லை.

2003-ல் பக்கவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் செயலிழந்தது. வலது கையால் வரைந்துகொண்டிருந்தார். 2015 ஜனவரி 26, குடியரசு நாளன்று புனேயில் காலமானார். மறுநாள் அரசு மரியாதையோடு தகனம். அந்த வாரம் முழுக்க நாட்டின் எல்லா மொழிப் பத்திரிகைகளிலும் கார்ட்டூனிஸ்டுகள் அஞ்சலிப் படங்கள் போட்டார்கள். பலவற்றில் காமன் மேன் அழுதுகொண்டிருந்தார். கண்ணாடிக்கு அடியில் கண்ணீர், குனிந்த தலை, காலியான நாற்காலி. அன்பினால் வரைந்தவைதான். ஆனால் பஞ்சத்தையும் போரையும் கலவரத்தையும் பார்த்து அழாமல் நின்ற மனிதரை, தன்னை வரைந்தவர் போனார் என்பதற்காக அழ வைத்திருக்கக் கூடாது. சிலர் அவரைப் பேசவும் வைத்துவிட்டார்கள். அது இன்னும் பெரிய தப்பு. கீழ் வீட்டுக் காகாவின் மகன், இப்போது தானேயில் இருக்கிறான், அன்றிரவு போன் செய்தபோது இதையே சொன்னான். அவன் பார்த்த ஒரு மராட்டிப் பத்திரிகையில் மட்டும் கோட்டு மாமா வழக்கம்போல ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அதை வெட்டி அனுப்பச் சொன்னேன்.